ஓட ஓடச் சரியாகிவிடும்

மூன்றாவது முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் அசாரின் தலைமுடியிலிருந்து எண்ணெய் போகவில்லை. வீட்டுப் பின்பக்கம் சேலை மறைப்புக்குள், பலகைமேல் கிடந்த தம்பிக்கு மூத்தவன் காஜா தண்ணீர் ஊற்ற, கடைசித் தம்பி யாசீன் தேய்த்துக்கொண்டிருந்தான். மார்பில் போஸ்ட்மார்ட்டத் தையல். அதன் இடப்பக்கம் இரும்பு பாய்ந்த குழி.

யாசீன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்து முகர்ந்தான்.

"கியர் ஆயிலுண்ணா."

"தேய்டா."

"ஆயில் ஊத்தாம மெஷின ஓட்டிட்டான்னு போலீஸ்ல சொன்னியே. அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

காஜா வாளியைப் பார்த்தான்.

முடிச்சூர் ரோட்டுப் பட்டறை காஜாவுடையது. பல் வெட்டி முடித்த கியருக்கு மெருகு போட அரை நாள் ஆகும். நேற்றுக் காலை சரக்கு ஏற்ற வண்டி வந்து நின்றுவிட்டதால் அந்த வேலையை வேண்டாமென்று தள்ளிவிட்டான். அசார் ஒரு பல்லின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

"சொரசொரங்குதுண்ணா. எவ்ளோ ஆயில் ஊத்தினாலும் இந்த மேடு அதக் கிழிச்சிக்கினு இரும்போட இரும்பு ஒரசும்."

"ஓட ஓடச் சரியாயிடும். ஃபுல் லோடுல ஓட்டு."

அசார் அளவு பார்த்து எண்ணெய் ஊற்றினான். காஜா அதைக் கண்ணால் பார்த்தான். இருபது நிமிடத்தில் கியர் பெட்டி கொதித்து, பற்கள் ஒன்றையொன்று கவ்வி நின்றன. மோட்டார் நிற்கவில்லை. வார்ப்பிரும்பு மூடி பிளந்து அசாரின் மார்பில் இறங்கியது. அப்போதுதான் உள்ளே வந்த பட்டறை வேலையாள் துரைக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஆம்புலன்ஸ் வருவதற்குள் காஜா பொய்யைத் தயார் செய்துவிட்டான். செத்தவனுக்கு ஜெயில் ஏது என்று தோன்றியது. மானங்கெட்ட யோசனைதான், ஆனால் அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

யாசீன் பித்தளைக் குவளையைப் பிடுங்கி அண்ணன் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. மறுபடி அடித்தான். காஜா பலகையைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றான். ரத்தம் அசாரின் தொடையில் சொட்டியது.

"இன்னா சத்தம்?" மறைப்புக்கு வெளியே அசாரின் மனைவி ஃபரா கேட்டாள்.

"குவளை வுழுந்துடுச்சி அண்ணி," என்ற யாசீன் குரலைத் தாழ்த்தினான். "ரத்தம் பட்டுடுச்சி. மொதல்லேர்ந்து குளிப்பாட்டணும். நீ தொடாத. வெளில போய் உண்மையச் சொல்லு."

மதியத் தொழுகைக்கு முன், உடலைக் கிடத்தித் தூக்கிப் போகும் சந்தூக்கை வாசலில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன், இறந்தவனுக்காகத் தெருவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது மூத்தவன். மூக்கில் பஞ்சோடு காஜா நின்றான்.

"என் தம்பியால யாருக்காவது கஷ்டம் வந்திருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

மன்னித்தோம் என்று கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து துரை கட்டுப் போட்ட கையோடு முன்னே வந்தான். மனைவி ஷர்மிளா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுடி," என்றான் துரை. "ஆயில் ஊத்த மறந்துட்டான். மனுஷன்தான, மறக்கமாட்டானா. நான் மன்னிச்சிட்டேன் பாய்."

காஜா சும்மா தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"அவன எதுக்கு மன்னிக்கிற," என்றான். "அவன் ஆயில் ஊத்தினான், நான் பாத்தேன். பாலிஷ் போடாத கியர ஓட்டச் சொன்னது நான்."

துரைக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கட்டுப் போட்ட கையாலேயே அடித்தான். கட்டு சிவந்தது. அந்த வலியில் அலறிக்கொண்டே இன்னொரு முறை அடித்தான். கீழே விழுந்த காஜாவை யாரும் தூக்கவில்லை. அவனே எழுந்து வந்து, சந்தூக்கின் முன்பக்கம் குனிந்தான்.

"அவரு தோள் வெக்கக் கூடாது," என்றாள் ஃபரா, கதவுக்குப் பின்னாலிருந்து.

காஜா நிமிர்ந்து ஒதுங்கினான். முன்பக்கம் ஒரு புறம் யாசீன் இருந்தான். மறுபுறம் ஆள் இல்லை. துரை மூச்சு வாங்கியபடி வந்து இடத்தோளைக் கொடுத்தான். ரத்தம் வெள்ளைத் துணியில் பட்டுவிடக் கூடாதென்று வலக்கையைத் தள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான்.