நாலு மூலையும் நடுவில் ஒன்றும்

டெய்லருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எந்த வேலை செய்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதென்ன பிரமாதம், ரெண்டு நாள் பக்கத்துல நின்னா நானே செஞ்சிருவேன்" என்பார். முடி வெட்டுகிறவரிடம் சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை பல் டாக்டரிடமே சொல்லிவிட்டு, அப்புறம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தும் இருக்கிறார். ஆனால் இந்த வாயை அவர் அதிகம் நீட்டியது மச்சானிடம்தான். மச்சான் என்றால் மனைவியின் கூடப் பிறந்த தம்பி, டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி.

"மாப்ள, நீ சுவத்துக்குச் சட்டை மாட்டறே. சுவரு கையைத் தூக்காது, குனியாது, தொப்பை போடாது. நான் தைக்கிறது ஆளுக்கு. எது கஷ்டம்னு நீயே சொல்லு."

மச்சான் சிரிப்பான். "உங்க அளவுக்கு எனக்கு வருமா மாமா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பான். அவன் சுபாவம் அப்படி.

டெய்லர் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைப் பற்றி இரண்டு வருஷமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ ஆயில் பெயின்ட் அடித்த சுவர். எண்ணெய்ப் புகை ஏறி ஏறி என்ன நிறமென்றே சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. தேய்த்தால் பெயின்ட் உரிந்து பாத்திரத்தில் விழுந்தது.

"பணக்காரி மாதிரி மாத்திக் கொடுங்கன்னா கேட்டேன்? சோத்துல பெயின்ட் விழாம இருந்தா போதும்னு கேக்கறேன்" என்றாள் மனைவி. "தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒரே நாள்ல முடிச்சிருவான்."

"உன் தம்பி காசு வாங்க மாட்டான். சும்மா செய்ய வெச்சா காலத்துக்கும் அவன் முன்னாடி நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். நானே செய்யறேன்."

தெருமுனையில் ரெடிமேட் கடை வந்ததிலிருந்து அவருக்கு ஜிப் மாற்றுவதும் பேன்ட் நீளம் குறைப்பதும்தான் மிச்சம். கையில் இருந்ததற்கு ஏற்றபடி டைல்ஸ் கடையில் மிஞ்சிப்போன சில்லறைப் பெட்டிகளாகப் பொறுக்கினார். வெள்ளை கொஞ்சம், நீலக் கோடு போட்டது கொஞ்சம், சின்னக் கட்டம் போட்டது கொஞ்சம். ஒட்டுகிற பவுடர் மட்டும் ஒரே ஒரு மூட்டை.

"ரெண்டு மூட்டை ஆகும் சார்" என்றார் கடைக்காரர். "ஆயில் பெயின்ட் சுவர்னா முதல்ல கொத்திவிடுங்க. வழவழன்னு இருந்தா பிடிக்காது."

"அதெல்லாம் தெரியும்" என்றார் டெய்லர்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். உளியை வைத்து நாலு அடி அடித்தார். கண்ணெல்லாம் தூசி, மணிக்கட்டில் வலி. ஊசி பிடித்த கை, சுத்தியலுக்கு எங்கே பழகும்? 'கொத்துவானேன், லைனிங் துணி மாதிரி பழைய பெயின்ட் உள்ளேயே கிடக்கட்டும்' என்று உளியைத் தூரப் போட்டார். பவுடரைக் குழைத்து முதல் இரண்டு டைல்ஸுக்கு முழுசாகத் தடவினார். பாதிச் சுவர்கூட வராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இன்னொரு மூட்டை வாங்கக் கையில் வழியில்லை.

அங்கேதான் அவருடைய தையல் மூளை வேலை செய்தது. ஒரு துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் முன்னால் என்ன செய்கிறோம்? அங்கங்கே நாலு நூல் போட்டுப் பிடித்துவைக்கிறோம். நகர்கிறதா? இல்லையே! அப்படியென்றால் டைல்ஸுக்கும் நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று. ஒட்டிப் பார்த்தார், நின்றது. துணியாவது மிஷினுக்குப் போய் முழுத் தையல் வாங்கிக்கொள்ளும், சுவர் எந்த மிஷினுக்குப் போகும் என்று அந்த மகானுபாவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சூட்டில் விரிந்துகொடுக்க டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளியும் விடவில்லை. "தையல் வெளியே தெரிஞ்சா அது ஒரு வேலையா?" என்று மனைவியிடம் பெருமை வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் சேர்த்துத் தைக்கிற கை அல்லவா? மூன்று தினுசு டைல்ஸும் வேண்டுமென்றே வாங்கி வந்தவை மாதிரி பொருந்தியிருந்தன. மனைவி வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து ஒரு டைல்ஸை விரலால் தடவினாள். "நிஜமாவே நல்லா இருக்குங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! டெய்லர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "தினமும் ஈரத்துணியால ஒரு தடவை தொடச்சிரு, பளபளன்னு நிக்கும்" என்றார்.

சாயங்காலம் மாடியிலிருந்து பெரியக்கா இறங்கி வந்தாள். டெய்லரின் மூத்த சகோதரி. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஒரு சேதி காதில் விழுந்தால் மதியத்துக்குள் கடைசி வீடுவரை போய்விடும். "எங்க தம்பி கைபட்டா எதுவும் தங்கம்தான்" என்று தொடங்கியவள் ராத்திரிக்குள் நாலு வீட்டுக்குச் சொல்லி முடித்திருந்தாள். டெய்லர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினார். 'எப்படி மாப்ள?'

'சூப்பர் மாமா' என்று பதில் வந்தது. அதற்குக் கீழேயே இன்னொன்று: 'பின்னாடி பேஸ்ட் முழுசா தடவினீங்கல்ல?'

அதற்கு அவர் பதில் போடவில்லை.

ஐந்தாம் நாள் பதினோரு மணி இருக்கும். டெய்லர் கடையில் ஒரு பேன்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். சமையலறையில் தடதடவென்று ஒரு சத்தம், அதற்கு மேல் மனைவியின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்புக்கு நேர் பின்னால் ஆறு ஏழு டைல்ஸ் ஒன்றாக விழுந்திருந்தன. ஒன்று கொதித்துக்கொண்டிருந்த பருப்புப் பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தது. தெறித்ததெல்லாம் மனைவியின் கையில். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்துபோய், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்பை அணைத்தாரே, அதுவரை சரி. அதற்குள் பெரியக்கா மாடிப்படியில் இறங்கி வந்துவிட்டாள். "என்னடா ஆச்சு? ஐயோ, புதுசா ஒட்டினதாச்சே! எப்படிடா விழுந்துச்சு?"

அப்போது டெய்லர் வாயிலிருந்து வந்ததைச் சொல்லவே நாக்கூசுகிறது.

"தண்ணி படக்கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்க்கா. கேட்டாத்தானே? சோப்புத் தண்ணியை ஊத்தி ஊத்தித் தேய்ச்சிருக்கா. ஊறிப்போய் விழாம என்ன செய்யும்?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். கை தண்ணீரிலேயே இருந்தது. சண்டை போட்டிருந்தால்கூட அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் பார்த்துவிட்டு மறுபடி குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏம்மா, அவன் ஒரு நாள் பூரா முதுகு ஒடிய உழைச்சு ஒட்டியிருக்கான். கொஞ்சம் பாத்துப் பக்குவமா வெச்சுக்கக் கூடாதா?" என்றாள் பெரியக்கா. கை வெந்தவளிடம்! டெய்லர் வாயைத் திறக்கவில்லை. மருந்துக்கடைக்கு ஓடிப்போய்க் களிம்பு வாங்கி வந்தார். களிம்பு வாங்க மட்டும் கால் எவ்வளவு வேகமாக ஓடியது! அவர் திரும்பி வருவதற்குள் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "என்னம்மா, சோப்புத் தண்ணியா ஊத்தினே?" என்று மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மச்சான் வந்தான். கூப்பிட்டது மனைவிதான். பெரியக்காவும் வேடிக்கை பார்க்க வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விழுந்த டைல்ஸ் ஒன்றை எடுத்து மச்சான் திருப்பிப் பார்த்தான். நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று. உருண்டையின் முகத்தில் சுவரின் பழைய பெயின்ட் தோலாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? டெய்லரை நிமிர்ந்து பார்த்தான். டெய்லர் ஜன்னலைப் பார்த்தார்.

"பாத்தியாப்பா, உங்கக்கா பண்ணின வேலையை?" என்றாள் பெரியக்கா.

மச்சான் டைல்ஸைக் கவிழ்த்து, பின்பக்கம் தெரியாதபடி கோணிக்குள் போட்டான். "சில சமயம் அப்படி ஆகும் அத்தே" என்றான். அவ்வளவுதான். பிறகு உளியை எடுத்து, நின்றுகொண்டிருந்த டைல்ஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றவா? தொட்டதும் கையோடு வந்தன. சுவர் முழுக்கக் கொத்திப் புள்ளி புள்ளியாக்கினான். தான் கொண்டுவந்த மூட்டையைக் குழைத்து, பல் வைத்த கரண்டியால் சுவரில் முழுசாக இழுத்தான். டெய்லர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துக் கொடுத்தார். உடைந்துபோன டைல்ஸுக்குப் பதிலாக, மச்சான் வேலை செய்த வேறு ஏதோ வீட்டில் மிஞ்சிய வெள்ளை வந்தது.

பெரியக்கா மாடிக்குப் போனதும் டெய்லர் மெதுவாக, "மாப்ள..." என்றார்.

"விடுங்க மாமா."

"இல்ல மாப்ள, நான் என்ன பண்ணினேன்னா..."

"பின்னாடியைப் பாத்தேனே மாமா. நான் தொழில் கத்துக்கிட்டப்ப நானும் காசை மிச்சம் பிடிக்கிறேன்னு இப்படி ஒட்டியிருக்கேன். அதுல ஒண்ணுமில்ல." ஒரு டைல்ஸை வைத்துத் தட்டினான். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆனா கை வெந்தது அக்காவுக்கு."

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. டெய்லர் அடுத்த டைல்ஸை எடுத்து நீட்டினார். மச்சான் சாப்பிடக்கூட நிற்காமல், கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் போன பிறகு டெய்லர் சமையலறைக்குள் வந்தார். மனைவி ஒரு கையால் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் கட்டு.

"தப்பு என்மேலதான். நான்தான் சரியா ஒட்டலை. உன்மேல போட்டுட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாததா? துடைக்கச் சொன்னதே நீங்க. யார்கிட்ட என்னைச் சொன்னீங்களோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

நியாயம்தான். ஆனால் பெரியக்காவிடமா! வாயைத் திறந்து 'எனக்குத் தெரியாது' என்று அவர் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்பா போன பிறகு அவரை வளர்த்தவள். தம்பி கைபட்டால் தங்கம் என்று ஊர் பூராச் சொல்லித் திரிகிறவள். பதினாறு படி ஏறுவதற்குள் அவர் இரண்டு தடவை நின்றார். சட்டை நனைந்துவிட்டது. போகாமல் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. அப்புறம் அந்தக் கட்டுப் போட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. ஏறிவிட்டார்.

மேலே பெரியக்காவோடு எதிர்வீட்டு அம்மாவும் இருந்தாள். அதுவும் நல்லதுதான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது பொய். அவ சோப்புத் தண்ணி ஊத்தலை. நான்தான் பேஸ்ட் பத்தாம அங்கங்கே உருண்டை வெச்சு ஒட்டினேன். சுவரையும் கொத்தலை. அதனாலதான் விழுந்துச்சு. பழியைத் தூக்கி அவமேல போட்டுட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். காது இரண்டும் எரிந்தன. அக்கா திட்டுவாள், காறித் துப்புவாள், சரி, பட்டுக்கொள்வோம் என்று தலையைக் குனிந்து நின்றார்.

பெரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? இதான் என் தம்பி. பொண்டாட்டியை நாலு பேர் பேசறாங்கன்னு தெரிஞ்சதும் பழியைத் தன் தலையில போட்டுக்கறான். எந்த ஆம்பளை செய்வான் இதை?"

"இல்லக்கா, நிஜமாவே நான்தான்..."

"போதும்டா. உன்னை எனக்குத் தெரியாதா? நான் வளத்த பிள்ளை. அவ குடுத்து வெச்சவ, போ."

"தங்கமான மனுஷன்" என்றாள் எதிர்வீட்டு அம்மா.

இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்தான் உயர்ந்துகொண்டே போனார். கடைசியில் பேசாமல் இறங்கி வந்தார்.

மனைவி சமையலறையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "உன்னைக் காப்பாத்தறதுக்காக நான் பழியை ஏத்துக்கறேனாம்" என்றார். "தங்கமான மனுஷனாம்."

மனைவி சிரிக்கவில்லை, அழவுமில்லை. கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இனிமே நானே போய்ச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.