மூக்கு தேயாத மரப்பாச்சி

பழம்பொருள் சேர்க்கிற பைத்தியம் பிடித்தவனுக்கு வீட்டில் சோறு கிடைப்பதே பெரிய விஷயம். திருப்பதியில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் முரளிதரனுக்கு அந்தப் பைத்தியம் முற்றிப்போயிருந்தது. மண்குதிரை, தோல்பொம்மை, மரச்செப்பு என்று வீடு நிறைய வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் ராஜா, கண்ணாடி அலமாரியில் தனியாக நின்ற ஓர் ஆண் மரப்பாச்சி. செஞ்சந்தன மரம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்து வேலை. தலைப்பாகை மடிப்பும் எடுப்பான மூக்கும் நேற்றுச் செதுக்கியவை போலிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அந்த மூக்கைக் காட்டாமல் அவன் காப்பி கொடுத்ததில்லை.

ஒரே ஒரு குறைதான். மரப்பாச்சி ஜோடியாகத்தான் பிறக்கும். இவனுடைய பொம்மையின் பீடத்தில் ஒரு கொடி ஓடிவந்து, பாதிப் பூவோடு விளிம்பில் நின்றுபோயிருந்தது. மீதிப் பூ ஜோடிப் பெண் பொம்மையின் பீடத்தில் இருக்க வேண்டும். அவளைத் தேடி காளஹஸ்தி முதல் குப்பம் வரை அலைந்துவிட்டான்.

இதற்கிடையில் அவனுடைய கைக்குழந்தைக்கு மூக்கோரம் வேனல் கட்டி வந்தது. மனைவி கீர்த்தி, மரப்பாச்சியைக் கல்லில் கொஞ்சம் உரைத்துப் பற்றுப் போடலாம் என்றாள். பிள்ளை உள்ள வீட்டில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். முரளிதரன் பதறிப்போய் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மருந்துக்கடைக்கு ஓடி ஆயின்ட்மென்ட் வாங்கிவந்தான்.

"பொம்மைக்கு மூக்கு நல்லா இருந்தா போதும் உனக்கு" என்றாள் கீர்த்தி. அதன்பிறகு நாலு நாள் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூட வேலை பார்க்கும் யோகேஷ் தன் ஊரில் நடந்த ஒரு பெயர்சூட்டு விழாவின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினான். குழந்தையின் தலைமாட்டில் ஒரு பொம்மையின் பீடம் மட்டும் தெரிந்தது. அதில் ஒரு கொடி. பாதிப் பூ.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், தன் பொம்மையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வடமாலபேட்டையைத் தாண்டி உள்ளே போகும் அந்த ஊருக்கு பைக்கில் கிளம்பிவிட்டான். குழந்தையின் தாய் தரணி இன்னும் இருபதைத் தாண்டாதவள். விஷயத்தைக் கேட்டதும் தொட்டிலிலிருந்து பொம்மையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

முரளிதரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே புடவைக் கொசுவம், கால் தண்டை எல்லாம் அப்படியே இருந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. முகமில்லை, மூக்கில்லை, கொண்டையில்லை. பாதி கரைந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று ஒரு மேடு. யார் இப்படிச் சிதைத்தது என்று கோபத்தோடுதான் கேட்டான்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. அவனைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீசை முறுக்கிய ஆட்டோக்காரர் அப்பாவு, தனக்குக் காது குத்தினபோது உரைத்தார்கள் என்றார். பால் கேனோடு நின்றவள் தனக்கு அம்மை வார்த்தபோது என்றாள். டிகிரி படிக்கிற பெண், கல்லுப் போல நிற்கிற கிழவர், மருமகளோடு சண்டையை நிறுத்திவிட்டு வந்தவள், எல்லோருமே நானும், நானும் என்றார்கள். இந்த ஊரில் அந்தப் பொம்மை எப்போதும் ஆகச் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில்தான் இருக்குமாம். அதைவிடச் சின்னது பிறந்தால் அங்கே போய்விடுமாம். கட்டிக்கொடுத்த பெண்களோடு நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் போயிருக்கிறதாம். திரும்பி வராமல் இருந்ததே இல்லையாம்.

முரளிதரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இத்தனை வருஷம் தேடிய முகம் தொலையவே இல்லை. இதோ மீசையும் மூக்குத்தியுமாக அவனைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறது. கோயில் கதவு திறந்ததும் நிற்பதுபோல கைகூப்பாத குறையாக நின்றான்.

ஆனாலும் பிறவிக்குணம் லேசில் போகுமா? பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, இரண்டையும் தரையில் ஒட்டி வைத்தான். கொடியோடு கொடி சேர்ந்தது. பூ முழுசாயிற்று. ஜோடியைப் பிரித்து வைக்கக் கூடாது, என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றான்.

"யாருதுன்னு தெரிஞ்சாதானண்ணா விக்கறதுக்கு?" என்றாள் தரணி. பிறகு, "உங்க வூட்ல கொயந்த இருக்குதா?" என்று கேட்டாள்.

மூன்று மாதப் பெண் குழந்தை என்றான்.

"எங்க பையனுக்கு அஞ்சு மாசம். அப்போ இது உங்க வூட்டுக்குத்தான் வரணும். எடுத்துக்கினு போங்கண்ணா. இன்னும் சின்னதா பொறந்து யாருனா வந்து கேட்டா குடுத்துடுங்க, பர்வாலேது."

விலாசம் கேட்கவில்லை. போன் நம்பர்கூடக் கேட்கவில்லை. வருகிற வழியெல்லாம் அதை நினைத்து நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது.

அன்று சாயங்காலம் கீர்த்தி அந்தப் பெண் பொம்மையைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் பற்றுப் போட்டாள். கட்டி அமுங்கியது மரப்பாச்சியாலா ஆயின்ட்மென்ட்டாலா என்று யார் கண்டது. உரைத்துக் கழுவித் துடைத்த பிறகு இரண்டையும் அலமாரியில் பூ சேர்த்து நிற்கவைத்து, முரளிதரன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டான். அலமாரியை இப்போது பூட்டுவதில்லை.

மாசி பிறந்தபோது, யோகேஷிடம் வழி கேட்டுக்கொண்டு புத்தூரிலிருந்து லோகேஸ்வரன் என்றொருவன் வந்து வாசலில் நின்றான். பிறந்து பத்து நாள்கூட ஆகாத மகன், ராத்திரி பகலாக அழுகிறான் என்றான். பொம்மையைக் கேட்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

முரளிதரன் அவளை எடுத்துத் துண்டில் வைத்தான். அலமாரியில் பாதிப் பூ மறுபடியும் விளிம்பில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையை நீட்டி ராஜாவையும் எடுத்து அவளோடு சேர்த்துச் சுற்றினான்.

"ஜோடியப் பிரிக்கக் கூடாதுப்பா" என்றான்.

லோகேஸ்வரன் துண்டைப் பிரித்து, அந்தத் தலைப்பாகையையும் மூக்கையும் பார்த்துத் தயங்கினான். "இதப் பார்த்தா உரைக்க மனசு வரலயேண்ணா. இத எங்க உரைக்கறது?"

முரளிதரன் அந்த மூக்கைக் கடைசியாக ஒருமுறை விரலால் தடவினான்.

"மூக்குலயே ஆரம்பிங்க" என்றான்.