மூன்றரை மில்லிமீட்டர்

அந்த மகளிர் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அவளுக்கு 'மில்லிமீட்டர் அக்கா' என்று பெயர். அளவில் இம்மி பிசகினாலும் உடன் வேலை செய்பவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து ரத்தம் பட்டதென்று தயங்கித் தயங்கி வரும் பெண்களையும் விடமாட்டாள்.

"ஒரு சொட்டுன்னாலும் உடனே வரணும்மா! இத்தனை நாள் வீட்ல என்ன, சீரியல் பார்த்துட்டு இருந்தீங்களா?"

அவளுக்கே ரத்தம் பட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உடம்புச் சூடு என்றாள் தனக்குத்தானே. அப்புறம், மாடிப்படி அதிகம் ஏறியதுதான் என்றாள். சமாதானமெல்லாம் தீர்ந்துபோன ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஸ்கேன் அறையைத் தாழிட்டாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஜெல்லைத் தடவிக்கொண்டு, திருட்டு முழி முழித்தபடி திரையைப் பார்த்தாள்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தாண்டினால் திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். புற்றுநோயா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். எங்கே அதிகம் தடித்திருக்கிறதோ அங்கேதான் அளக்கணும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் அவள்.

அளந்தாள். பிடிக்கவில்லை. கையை நகர்த்தினாள். துணிக்கடையில் பொறுக்குவதுபோல் படம் படமாகத் தள்ளி, ஒல்லியாய்த் தெரிந்த ஒன்றைப் பிடித்தாள். மூன்றரை! அப்பாடா என்று போய் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஸ்கேன் டாக்டர் கூப்பிட்டு, திரையில் ஒரு படத்தைக் காட்டினார். அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"என்னக்கா இது? பேர் 'மெஷின் டெஸ்ட்', வயசு ஐம்பத்தேழு. மெஷினுக்கு எப்போலேர்ந்து கர்ப்பப்பை?"

அக்காவுக்கு வேர்த்தது. பெயரில் காட்டிய சாமர்த்தியத்தை வயதில் கோட்டைவிட்டிருந்தாள். போதாததற்கு, பழக்கதோஷத்தில் விரல் படத்தைச் சேமித்தும் வைத்துவிட்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சவங்க மேடம். சும்மா ஒரு செக்கப்."

"சும்மாவா? கீழ் வழியா வச்சுப் பார்க்காம, வயித்து மேல வச்சு, தடிச்ச இடத்தை விட்டுட்டு ஓரத்துல அளந்து வச்சிருக்கு. எந்தக் கழுதை அளந்தது?"

"புதுப் பொண்ணு மேடம். நான் கண்டிக்கறேன்."

"கண்டிக்கறது அப்புறம். அந்தம்மா நம்பரைக் குடுங்க, நானே பேசறேன். ரத்தம் ஏதாவது பட்டுச்சான்னு கேக்கணும்."

பொய் நம்பர் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது அவளுக்கு மனப்பாடமான ஒரே நம்பர். டாக்டர் அதை அழுத்தியதும் அக்காவின் கோட்டுப் பாக்கெட் அலறியது.

டாக்டர் போனை வைத்தார். கட்டிலில் புது விரிப்பைப் போட்டார்.

"பாத்ரூம் போயிட்டு வந்து படுங்க."

சிறிய கருவி உள்ளே போனது. டாக்டர் பொறுமையாகத் தேடினார். அக்கா கூரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மேடம்... இன்னும் கொஞ்சம் இடது பக்கம். மேல. அங்கதான்."

டாக்டரின் கை நின்றது. "நேத்தே பார்த்தீங்களா?"

ஆமாம் என்று அக்கா தலையாட்டினாள்.

அங்கே பதினொன்று இருந்தது.

"இதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. திசு பார்க்கணும். மாடியில பெரிய டாக்டர்கிட்ட நாளைக்கு நேரம் வாங்கறேன்."

"இன்னைக்கே வாங்குங்க மேடம்," என்றாள் அக்கா, கட்டில் கம்பியைப் பிடித்தபடி. "ராத்திரி விட்டீங்கன்னா, காலைல நான் வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிடுவேன்."