ஒரே தட்டில் இருபது

பதினாறாயிரத்து எழுநூற்று இருபது. என் மைத்துனன் கடல் ஆய்வு நிலையத்துக்குத் தர வேண்டிய பாக்கி அது. தந்துகொண்டிருந்தது நான்.

மைத்துனன் என் மனைவிக்குத் தம்பி. மூச்சடக்கி மூழ்குவதில் கெட்டிக்காரன், அதனால் எல்லோருக்கும் அவன் நீர்க்கோழி. நான் அந்த நிலையத்தின் மாதிரிக் கிடங்கில் கூலியாள். ஸ்பிரிட் பீப்பாய் உருட்டுவேன், ஜாடி கழுவுவேன், ஜாடிக்குள் இருக்கும் நண்டையும் மீனையும் எடுத்து வைத்துவிட்டுப் பழைய ஸ்பிரிட்டைக் கொட்டிப் புதிது ஊற்றுவேன். நாலாயிரத்துச் சொச்சம் ஜாடிகள். கடைசி ஜாடிக்கு வந்து சேரும்போது முதல் ஜாடி மஞ்சளாகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக என் இடுப்புக்கு வேறு வேலை தெரியாது.

பாக்கி வந்த வழியைச் சொல்கிறேன். மாடியில் டாக்டரம்மா இருக்கிறார். ஊசி போடும் டாக்டர் இல்லை, கடல் நட்சத்திரங்களைப் படித்தவர். போன வருடம் பவளப்பாறை உடைசலுக்கு அடியில் ஒரு சின்ன நட்சத்திரம் அகப்பட்டது. பாதி உள்ளங்கைதான் இருக்கும். பிஸ்கட் போலத் தட்டை, ஐந்து மூலை, ஓரம் முழுக்கச் சில்லு பதித்த மாதிரி வரிசை. டாக்டரம்மா எல்லாப் புத்தகத்தையும் புரட்டிவிட்டார். எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. உலகத்துக்கே புதியது என்று அறிவிக்க ஒன்று போதாது, குறைந்தது இருபது வேண்டும் என்றார். ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூற்று இருபது என்று பேச்சு.

நீர்க்கோழி முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்டான். படகு இன்ஜின் வாங்க வேண்டுமாம். வெளியாளுக்கு முன்பணம் என்றால் நிலையத்து ஆள் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார் கணக்கர். நின்றேன்.

சொன்னபடி இருபது கொண்டுவந்தான். டாக்டரம்மா வாளியில் கைவிட்டு ஒன்பதை எடுத்துக்கொண்டு, பதினொன்றைத் தள்ளி வைத்தார்.

"இதெல்லாம் உப்பிப்போய் இருக்கு. ஓரத்துச் சில்லே தெரியல. இது தலையணை நட்சத்திரம். பாறை பூரா கிடக்குறதுக்கு யாரு காசு குடுப்பா?"

"ஒரே கல்லுக்கு அடியில தானேம்மா எல்லாம் கிடந்துச்சு?" என்றான் நீர்க்கோழி.

"ஒரே பஸ்ல வந்தா எல்லாரும் ஒரே குடும்பமா?"

பதினொன்றுக்கான பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார் கணக்கர். பணம் இன்ஜினாகிவிட்டது. என் சம்பளத்தில் மாதம் ஆயிரத்து நாற்பத்தைந்து பிடிக்க ஆரம்பித்தார்கள்.

நான் நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன். என் மனைவிக்குக் குத்திக்காட்ட அது போதும்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சாலும் தெரிஞ்சுது, போட ஒரு எடம் தேடிக்கிட்டு அலைஞ்சீங்களா?" என்பாள்.

"உன் தம்பிக்குத்தானே போட்டேன்?"

"தம்பி என் தம்பிதான். சம்பளம் என் சம்பளம்ல?"

நீர்க்கோழி வாசலில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி சொல்வான்: "அக்காவைக் கட்டிக்கிட்டீங்கல்ல மாமா, அதோட இதையும் கட்டிடுங்க."

"உங்க அக்காவுக்குத் தவணை கிடையாதுடா. மொத்தமா ஒரே நாள்ல மாட்டிக்கிட்டேன்."

"கோச்சுக்காதீங்க. புது இனம்னு டாக்டரம்மா கட்டுரை வெளிவரட்டும். இன்னும் நாப்பது வேணும்னு சொல்லியிருக்காங்க. ஒரே மாசத்துல அடைச்சிடுறேன்."

அந்த நாற்பதை நம்பித்தான் நாலு மாதம் போனது.

எண் போட்டு உள்ளே வந்த எதையும் வெளியே எறியக் கூடாது என்பது கிடங்கின் சட்டம். ஒவ்வொரு நட்சத்திரத்தின் மூலையிலும் நூலால் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எண்ணும் தேதியும் பென்சிலில் நான் எழுதியது. பேனா என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஒன்பது ஒரு ஜாடியில், தள்ளிய பதினொன்று வேறு ஜாடியில்.

இரண்டுக்கும் ஸ்பிரிட் மாற்ற வேண்டிய முறை வந்தது. இருந்த தட்டுகளில் இரண்டு விரிசல். எஞ்சிய ஒரே தட்டில் இருபதையும் பரப்பினேன். திரும்ப ஜாடிக்குள் போடும்போது பெரியது அடியில், சின்னது மேலே, இல்லாவிட்டால் நசுங்கும். அதனால் எதையும் பெரியதிலிருந்து சின்னதுக்கு வரிசையாகத்தான் வைப்பேன். கை அதுபாட்டுக்கு வைத்துக்கொண்டு போனது.

வைத்து முடித்துப் பார்த்தால், எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை.

கலந்துவிட்டேன் என்றே நினைத்தேன். சீட்டுகளைப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பதினான்காம் எண் டாக்டரம்மா எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்ததாக என் கை வைத்திருந்த ஆறாம் எண் அவர் தள்ளியது. உயிரோடு வந்தபோது ஆறாம் எண் உப்பியிருந்தது. ஸ்பிரிட்டில் வற்றிவிட்டதால் இரண்டும் அண்ணன் தம்பி போல் கிடந்தன. பெருவிரலால் ஆறாம் எண்ணின் ஓரத்தை அழுத்தினேன். தோலுக்கு அடியில் சில்லு தட்டுப்பட்டது. புரட்டிப் போட்டு லென்ஸில் பார்த்தேன். வாயிலிருந்து ஓடும் பள்ளத்தின் இரு பக்கமும் சீப்புப் பல் போல முள். பெரியதிலிருந்து சின்னது வரை அதே சீப்பு.

இரண்டு இனமே இல்லை, எல்லாம் தலையணை நட்சத்திரம்தான். குட்டியும் வளர்ந்ததும். வளர வளர மூலை மழுங்கி, தோல் தடித்து, சில்லு உள்ளே போய்விடுகிறது.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொன்னால் கட்டுரை போய்விடும், கட்டுரை போனால் நாற்பது போய்விடும், நாற்பது போனால் இன்னும் பன்னிரண்டு மாதம் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். பேசாமல் இருப்பதற்கு உடம்பும் சாதகமாக இருந்தது. மாடிப்படி இருபத்தாறு. முழங்கால் ஒவ்வொரு படியையும் எண்ணும்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்றைக்காவது எவனாவது வந்து இந்த இரண்டு ஜாடிகளைத் திறப்பான். டாக்டரம்மா தப்பு செய்தார் என்று சொல்ல மாட்டான். கூலியாள் கலந்துவிட்டான் என்பான். சீட்டில் இருப்பது என் கையெழுத்து. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

டாக்டரம்மா பார்த்ததும் அதையேதான் கேட்டார். "ஐயோ, கலந்துட்டீங்களா?"

"நூலை யாரும் அவுக்கலம்மா. நம்பரைப் பாருங்க. எது உங்களது, எது தள்ளினதுன்னு சீட்டைப் பாக்காம சொல்லுங்க."

முதலில் சிரித்தார். மூன்றைச் சரியாகச் சொன்னார். நான்காவது தப்பு. ஐந்தாவதில் கையை எடுத்துக்கொண்டார். கிடங்கிலிருந்து பெரிய தலையணை நட்சத்திரம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். மறுபடி இருபத்தாறு படி இறங்கி ஏறினேன். பிளேடால் ஓரத்துத் தோலைக் கீறி உரித்தார். அடியில் அதே சில்லு வரிசை.

பிளேடைக் கீழே வைத்தார். மின்விசிறிக்கு மேசைக் காகிதங்கள் படபடத்தன.

"எங்க அப்பா பேரை வெச்சிருந்தேன் இதுக்கு" என்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"நீங்க என்ன பண்ணீங்க? இத்தனை வருஷம் படிச்சுட்டு, பெத்ததையும் பிள்ளையையும் பிரிச்சு ரெண்டு ஜாடில போட்டது நான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற கட்டுரைதான் எழுதணும். சின்னதிலேருந்து பெருசு வரைக்கும் எப்படி மாறுதுன்னு. இருபதுமே வேணும்."

"அப்ப அந்தப் பதினொண்ணு?"

"அதுதான் முக்கியம். கணக்கருக்கு எழுதிக் குடுக்குறேன்."

"இன்னும் நாப்பதுன்னு சொன்னது..."

"இனிமே எதுக்கு?"

வீட்டில் நீர்க்கோழி தலையில் கைவைத்துக்கொண்டான். "நாப்பது போச்சே மாமா! வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"உன் நாப்பதும் அந்தக் கல்லுக்கு அடியிலேயே வளரட்டும்டா. என்னை விடு" என்றேன். என் மனைவி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

திங்கட்கிழமை கணக்கர் கூப்பிட்டார். "பதினொண்ணும் ஏத்துக்கிட்டாங்க. மிச்சம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது தள்ளுபடி."

"பிடிச்ச நாலு மாசத்துப் பணம்?"

"நாலாயிரத்து நூற்று எண்பதா? அது போன வருஷக் கணக்கு, மூடியாச்சு. தோண்டணும்னா மனு எழுதுங்க. நான் ஓய்வு பெறுறதுக்குள்ள வந்தா உங்க அதிர்ஷ்டம்."

மனு எழுதத் தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கீழே புதிதாக வந்த ஆறு பீப்பாய்கள் உருட்டக் கிடந்தன.

"விடுங்க சார்" என்றேன்.

அவர் ஸ்கேல் வைத்து என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பாக்கி இல்லை' என்று எழுதினார்.