வலது கன்னம்

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு கன்னமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எதிர்வீட்டுத் தகரத்தில் பட்டு வரும் வெயிலில் வலது கன்னம் மட்டும் கொஞ்சம் மினுங்கியது. அது கிரீம் செய்த வேலையா, எண்ணெய்ப் பசையா என்றுதான் தெரியவில்லை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். சந்தில் போனவர்கள் என்னை உரசிக்கொண்டு போனார்கள். காலங்காத்தாலே கண்ணாடியும் கையுமாக நிற்கிறாளே என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவர்களை யாரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரவில்லை.

என்னைப் பார்க்க விக்ரோலியிலிருந்து தனசீலன் என்பவர் வருகிறார். மனைவியை இழந்தவர். வீட்டுக்கு வந்து பேசுமுன், தாராவியில் எங்கள் கோவிலுக்கு ஆராதனைக்கு வந்து, தூரத்திலிருந்தே ஒருமுறை பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. பிடிக்காவிட்டால் இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கல் இல்லை. எல்லாம் சரி, என் அண்ணன் ரெனால்ட் என் வயதை முப்பத்தைந்து என்று சொல்லி வைத்துவிட்டான். எனக்கு நாற்பத்தொன்று. சொன்னது அவன் வாய், அந்த ஆறு வருடத்தை மறைக்க வேண்டியது என் மூஞ்சி.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இந்தக் கிரீம் முன்வரிசையில் இருக்கிறது. மணல் கலந்ததுபோல் நறநறவென்று இருக்கும். தேய்த்துக் கழுவினால் செத்த தோல் உரிந்து சுருக்கம் மறையும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. நிஜமாகவே மறையுமா என்று கேட்ட பெண்கள் அத்தனை பேரிடமும், மறையும் என்று கூசாமல் சொல்லி விற்றவள் நான். இப்போது அதையே நான் யாரிடம் போய்க் கேட்பது?

"மூஞ்சி பூராவும் போடாத கிளாரா," என்றாள் சுனிதா மதினி. "அவரு ஆம்பளைய பக்கத்துலதான இருப்பாரு. அவருக்கு ஒன் வலது கன்னம் ஒண்ணுதான தெரியும்?"

கோவிலில் பீடத்தைப் பார்த்து இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். அவள் சொன்னது சரிதான். இடது கன்னத்தைச் சும்மா விட்டுவைத்தால், கிரீம் வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டும் பார்க்கலாம் என்று எனக்கும் தோன்றியது. தேய்க்க ஆரம்பித்த மூன்றாம் நாளே பளிச்சென்று தெரிகிறது என்றாள் மதினி. நான் போய்விட்டால் மாடியறை அவளுக்கு, அவள் பேச்சை எப்படி நம்ப? அண்ணன் போனிலிருந்து அரைக்கண்ணால் பார்த்துவிட்டு ரெண்டும் ஒன்றுதான் என்றான். கடையில் என்னோடு வேலை பார்க்கும் சாதியா என்பவள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிரித்தால் பழையபடி கோடு விழுகிறது என்றாள். அன்றிலிருந்து வாடிக்கையாளர்களிடம் பல்லைக் காட்டுவதையும் விட்டேன். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில், பில் போடும்போது, சோற்றில் கை வைத்தபடியேகூட, இடது கை தானாகக் கன்னத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அதில் என்ன வெட்கம்? யாரும் எழுந்துவிட்டார்களா என்று பார்க்காமல், என் அடுப்பில் நான் ஒரு டீ போட்டுக் குடிக்க வேண்டும்.

ஞாயிறன்று நடைபாதை ஓரமாக உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை உள்ளே இறங்கவில்லை. கழுத்து கட்டையாகிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த நீலச்சட்டைக்காரர், அவர்தான் தனசீலன், கண்ணை இடுக்கிக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அண்ணன் அவரை வாசலுக்கு அழைத்து வந்தான். மதினி என் முழங்கையைப் பிடித்து வலது கன்னம் அவர் பக்கம் வரும்படி நிறுத்தினாள். அவர் தலைமுடியில் புது மை. பக்கத்தில் வந்தபிறகுதான் அவர் மூக்கைக் கவனித்தேன். இரண்டு பக்கமும் சிவப்பாக அழுந்திய தழும்பு. சட்டைப் பாக்கெட்டில் கண்ணாடிக்கூடு புடைத்துக்கொண்டிருந்தது. அவரும் வயதைக் குறைக்கத்தான் கழற்றி வைத்திருக்கிறார். இத்தனை நேரமும் அவருக்குத் தெரிந்தது கலங்கலாக ஒரு சேலைக்கூட்டம்தான்.

"கோயில்ல பாத்துட்டேன்," என்றார், என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து. "எனக்குத் திருப்திதான்."

அண்ணன் முகம் மலர்ந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் முகம் தெரியாத ஒருத்திக்கு அவர் சம்மதித்திருக்கிறார். நாளைக்கு அவர் வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் நிமிரும்போதெல்லாம் நான் கன்னத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா?

"பாக்கெட்டுல இருக்க கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க," என்றேன். "எனக்கு நாப்பத்தொண்ணு."

மதினியின் பிடி முழங்கையிலிருந்து நழுவியது. தனசீலன் காதுவரை சிவந்தார். பிறகு கூட்டைத் திறந்து, சட்டை நுனியால் ஒரு வில்லையைத் துடைத்து, மற்றதையும் துடைத்து, நிதானமாகக் காதில் மாட்டினார். தடித்த வில்லைகளுக்குப் பின்னால் அவர் கண்கள் சின்னதாகி, தேடி, என் முகத்தில் வந்து நின்றன. வெயில் நேராக அடித்தது. நான் நகரவில்லை.