மாலை கழற்றும் நாள்

முருகனுக்கு மாலை போட்டிருக்கும் மண்டலம் முழுவதும் ஞானசம்பந்தனால் குடிக்காமல் இருக்க முடிந்தது. திருச்செந்தூர்க் கடலில் குளித்து, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அது முடியாமல் போகும். வருடா வருடம் இப்படித்தான். அதே உடம்பு, அதே பிராந்திக் கடை. டவுணில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிற அவருக்கு, இடையில் மாறியது எது என்று மட்டும் பிடிபடவில்லை.

முதலில் பக்தி என்று நினைத்தார். பக்தி ஒரே நாளில் வடிந்துவிடுமா? விரதச் சாப்பாட்டின் வேலையோ என்று, போன வருடம் மாலையைக் கழற்றிய பிறகும் அதே சாப்பாட்டைத் தொடர்ந்தார். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அன்றும் குடித்தார்.

இந்த வருடம் மனைவி சண்முகசுந்தரி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “இந்தத் தடவையும் கழத்தின அன்னைக்கே குடிச்சுட்டு வந்தீங்கன்னா, நான் மக அனுராதாவக் கூட்டிக்கிட்டு சாத்தான்குளத்துக்குப் போயிருவேன். அப்பாகிட்ட சொல்லியாச்சு.”

அவள் அழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை திருச்செந்தூரில் மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பும்போது, பஸ் செய்துங்கநல்லூரைத் தாண்டுமுன்பே நாக்கு ஊறத் தொடங்கியது. பாளையங்கோட்டையில் இறங்கிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடுவதாக ஒரு டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். பெயர்ப்பலகை கிடையாதாம்.

வாசலில் காவல்காரர் கருத்தையா நின்றார். அவரிடம் எப்படிக் கேட்பது?

“இங்கன ஒரு கூட்டம்…”

“எந்தக் கூட்டம்? ஜெபக்கூட்டமா, டியூஷனா?”

ஞானசம்பந்தன் தரையைப் பார்த்தார். கருத்தையாவுக்குப் புரிந்துவிட்டது. “அந்தா டீ கேன் போவுது பாருங்க, அது பின்னால போங்க. அவ்வளவு டீ குடிக்கிய ஆளுக இந்தக் காம்பவுண்டுலயே கிடையாது.”

வகுப்பறையில் ஏழெட்டுப் பேர், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவரைப் பார்த்ததும் அவர் திரும்பி நடக்கப் பார்த்தார். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹசன் அலி. அவர் மகன் இவரிடம்தான் படிக்கிறான்.

“சார்வாள், ஓடாதீங்க!” என்றார் ஹசன் அலி. “உங்கள இங்க பாத்தேன்னு நான் வெளிய சொன்னா, நீ அங்க எதுக்குப் போனேன்னு என்னையில்லா கேப்பாங்க?”

ஒருவர் ரகசியம் மற்றவர் கையில்; இரண்டு பக்கமும் சாவி போட்ட பூட்டு. ஞானசம்பந்தனுக்கு அந்த ஏற்பாடு பிடித்தது. உட்கார்ந்தார். தன் முறை வந்தபோது மாலைக் கதையைச் சொல்லி, “இது ஏன்னு மட்டும் விளங்கல” என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது.

“நோன்பு மாசம் எச்சில முழுங்கவே யோசிப்பேன்” என்றார் ஹசன் அலி. “ஆனா பெருநாள் பிறைய எனக்கு முன்னால எங்க தெருவுல ஒருத்தனும் பாத்ததில்ல!”

“ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் நாப்பதும் நான் பரிசுத்தவான்” என்றார், கூட்டத்தை நடத்திய தேவசிகாமணி. “ஈஸ்டர் அன்னைக்கு சர்ச் ஐயர் ஆசீர்வாதம் சொல்லுததுக்குள்ள செருப்பத் தேடிருவேன் வே.”

ஞானசம்பந்தனும் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். விரதத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. குடி போகவேயில்லை, அமுக்கிப் பிடித்த சுருள்வில்லாக அந்தத் தேதிக்குக் காத்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. மாலை போட்டிருந்தபோது தெருவே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. பிராந்திக் கடைக்காரன்கூட, இவர் போய்க் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டான். ஊர் சேர்ந்து இருந்த விரதத்தை அவர் தன் மனவலிமை என்று கணக்குப் போட்டிருந்தார். கழற்றிய பிறகு தனி ஆள்.

“அப்போ சாகுற மட்டும் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருவமா?”

“நான் பைபிள் மேலயே பண்ணியிருக்கேன்” என்றார் தேவசிகாமணி. “நிக்கல. இன்னைக்கு மட்டும் வேண்டாம்னு வையும். நாளைக்குக் காலைல மறுபடி வையும்.”

கூட்டம் முடிந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார். வீடு இருக்கும் டவுணுக்குப் பஸ் ஜங்ஷன் வழியாகத்தான் போகும். அவர் வழக்கமாகப் போகும் பிராந்திக் கடையும் அங்கேதான்.

“நானும் வாரேன்” என்றார் ஹசன் அலி.

“உங்க வீடு அந்தப் பக்கமுல்லா?”

“இன்னைக்கு இந்தப் பக்கம்.”

ஜங்ஷனில் பஸ் நின்றது, கிளம்புவதாகத் தெரியவில்லை. ஞானசம்பந்தன் எழுந்தார். நடைவழிப் பக்கம் இருந்த ஹசன் அலி முழங்காலை நகர்த்தவில்லை.

“கொஞ்சம் இறங்கணும்.”

“எதுக்கு?”

“வெத்தல வாங்க.”

“எங்கிட்ட இருக்கு.”

“சோடா…”

“சார்வாள், இருங்க.”

“வழிய விடும் வே!” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஹசன் அலி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் கிளம்பும்வரை விடவில்லை.

வீட்டில் சண்முகசுந்தரி பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்த்தாள். கட்டி வைத்திருந்த பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை.

மறுநாள் காலையில், இன்றைக்கு மட்டும் குடிப்பதில்லை என்று அவளிடம் சொன்னார். சாயங்காலம், குடிக்கத் தோன்றும் நேரத்துக்கு முன்பே மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறி, ஹசன் அலியின் கடையில் போய் உட்கார்ந்தார். வழி இவ்வளவுதான்: ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் குடிக்காமல் இருப்பது, அந்த நேரத்தில் தனியாக இல்லாமல் இருப்பது.