ஒன்பதாம் எண் சட்டை

என் புருஷன் சிங்கப்பூரில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அந்த வாரம் முழுவதும், அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக்காம்பிரா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள். அறுபத்திரண்டாம் வருஷம் எங்கள் தோட்டத்தில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் பெயர் சோலைமலை. ஆறடிக்கு மேல் உயரம், வாசல் நிலையில் இடிக்காமல் உள்ளே வந்த நாளே கிடையாது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பந்து பழகியவரைக் கொழும்பில் ஒரு கம்பெனி, பந்து ஆடுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்டுகள் என்னை விடவே மாட்டார்கள். “கூடைக்குள்ள பந்தப் போட்டா கம்பெனி சம்பளம் குடுக்குதாம். நாம இருபது வருஷமா கூடைக்குள்ள கொழுந்தப் போடுறோம், நம்மள ஒரு பய கூப்பிடல பாரு” என்பார்கள். பிறகு இலங்கை அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிங்கப்பூரில் நாலு நாட்டுப் போட்டி, கப்பல் பயணம். கேலி செய்தவர்களே மாலை கட்டி, தப்பு மேளம் அடித்து நானுஓயா வரை கூட்டிப்போய் ரயிலேற்றினார்கள்.

ஐந்தாம் நாள் பகலில், எல்லாரும் மலையில் இருந்தபோது, குறுக்குப் பாதையில் மூடுபனியோடு அவர் திரும்பி வந்தார். பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அப்பன் பிறந்த பத்திரம் எங்கே என்று கேட்டார்களாம். நாற்பத்தெட்டில் வந்த சட்டம் எங்கள் சனத்தை நாடில்லாதவர்கள் ஆக்கிவிட்டது. அவருக்காகவா அது மாறும்? வரும் வரும் என்று கடைசி நாள் வரை இருத்திவைத்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவருடைய ஒன்பதாம் எண் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

அன்று காய்ச்சல் என்று நானும் என் மாமியார் மீனம்மாவும் வேலைக்குப் போகவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“நாகு, வெளியே எவனோ நிக்கிறான். எம்புள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறான்.”

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. நானேதான் போய்க் கதவைத் திறந்தேன்.

பத்து நாள் கழித்துக் கந்தப்பன் கணக்கப்பிள்ளை பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால், பத்திரிகையை விரித்துச் சத்தமாகப் படித்தார். இலங்கை அணியின் சோலைமலை பதினாறு புள்ளி எடுத்தார் என்று போட்டிருந்தது. படமும் இருந்தது. ஒன்பதாம் எண் சட்டைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பியிருந்தது. அங்கே முன்கூட்டியே அச்சடித்த பட்டியலில் தன் பெயர் இருக்கிறது, பத்திரிகைக்காரன் அதைப் பார்த்து எழுதுகிறான் என்று என் புருஷன் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது. அத்தை அந்தப் படத்தை வெட்டி மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, விபூதி பூசினார். அன்றிலிருந்து இரண்டு பேருக்குத்தான் சோறு போட்டார். மூன்றாவது தட்டை நான் வைத்தால், அதன்மேல் வேப்பிலை ஒன்றைக் கிள்ளிப் போடுவார்.

அத்தையைத் திட்டவும் மனம் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு கவர்மெண்ட் கந்தோரில், பத்திரம் இல்லாவிட்டால் நீ இங்கே பிறந்தவள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “நான் பொறக்கவே இல்லையாம்ல” என்று சொல்லிக்கொண்டே அரிசி களைந்தாராம். தாளில் எழுதியிருப்பதுதான் ஆள் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். தோட்டமும் அதே முடிவில்தான் இருந்தது. என் புருஷன் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனால் பெண்டுகள் குடத்தை வைத்துவிட்டு ஓடினார்கள்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையாவது கேட்கலாம் என்று ஒரு காலை பெரட்டுக்குப் போய் நின்றார். கந்தப்பன் அவரைப் பார்க்காமல், பேர் எழுதிய செக்ரோல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“சோலைமலை சிங்கப்பூர்ல இருக்கான். இங்க இருக்கிறவங்க பேரத்தானே நான் கூப்பிட முடியும்?”

வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்புறம் வெளியே போகவில்லை. ஒரு மத்தியானம், கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, “இருபத்திமூணு” என்றார். பத்திரிகை மூன்று நாள் கழித்து வந்தது. சோலைமலை இருபத்துமூன்று புள்ளி.

“ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“கை வலிக்குதே நாகு.”

எனக்கு அன்றுதான் பயம் பிடித்தது. இப்படியே விட்டால் இந்த மனுஷன் இல்லாமலே போய்விடுவார். ஆகவே நானே ஒரு பொய்யைக் கட்டினேன். அணி கொழும்புக்கு வந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்ததும், ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது என்று லயம் முழுக்கச் சொன்னேன். அவரிடம், “விடியக்காலையில காட்டுவழியா ராதெல்லைக்கு நடந்து போங்க. அங்க ரயிலேறி அடுத்த டேசன்ல, நானுஓயாவுல, எறங்குங்க. சிங்கப்பூர்லருந்து வந்த மாதிரி எறங்குங்க. எல்லாஞ் சரியாப் போயிரும்” என்றேன். சொந்த வீட்டுக்கு வர ஒரு மனுஷன் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறதே என்று அழுகையாக வந்தது. அவர் தலையாட்டிவிட்டு, கொழும்பு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

அத்தை எல்லாருக்கும் முன்னால் ஸ்டேஷனுக்குப் போனார். நான் வீட்டில் இருந்து ஆரத்தி கரைத்தேன். மூன்று மணிக்குப் பனி லயத்து வாசல் வரைக்கும் இறங்கிவிட்டது. பனிக்குள்ளிருந்து தப்புச் சத்தம் ஏறி வந்தது. எட்டிப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில், எல்லாரையும் விட ஒரு தலை உயரமாக, மாலையும் வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்டே இராத ஒரு சிரிப்புச் சிரித்தபடி வந்தார். அப்பாடா என்று எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய்த் தட்டில் சூடத்தை ஏற்றினேன்.

பின்கதவை யாரோ தட்டினார்கள்.

“நாகு, கதவத் தெற.”

முழங்கால் வரை சேறு. கெண்டைக்காலில் அட்டை கடித்த ரத்தம். நிலையில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“ராதெல்லையில ரயில் நிக்கல நாகு. கையக் காட்டிக்கிட்டே பின்னால ஓடினேன். அது பாட்டுக்குப் போயிருச்சு.”

முன்பக்கம் தப்புச் சத்தம் நின்றது. இஸ்தோப்பில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது.

“தட்டக் கொண்டாடி நாகு! எம்புள்ள வந்துட்டான் பாரு” என்று அத்தை கூப்பிட்டார்.

“யாரு வந்திருக்கா?” என்று அவர் என்னிடம் கேட்டார். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மூடியிருந்த முன்கதவுக்கு அந்தப் பக்கம், சிமெந்துத் தரையில், ஒரு பந்து குதிக்கத் தொடங்கியது. என் பக்கத்தில் நின்றவரின் வலது கை விரிந்து, அந்தச் சத்தத்துக்குச் சரியாக, கீழே போய் மேலே வந்தது.